கல்லூரி நடுவில் வீட்டு வருமானம் நின்றுபோனால்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

அப்பா திடீரென்று இறந்துவிட்டார். இல்லையென்றால் விபத்தில் அடிபட்டுப் படுத்துவிட்டார். இல்லையென்றால் கம்பெனியை மூடிவிட்டார்கள், ஆறு மாதமாகச் சம்பளம் இல்லை. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ படித்துக்கொண்டிருக்கும்போது இப்படி நடந்தால் என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு கல்லூரியில் பல ஆண்டுகளாக உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்க்கும் ஆசிரியர் நான்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் முதலில் செய்வது, செல்போனில் ஸ்காலர்ஷிப் தேடுவது. ஏழெட்டு விண்ணப்பங்களைத் திறந்து பார்ப்பார்கள். ஒவ்வொன்றும் வருமானச் சான்றிதழ் கேட்கும். அதற்கு அலைவதற்குள் தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி போய்விடும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் அவகாசம் வாங்குங்கள், அப்புறம் காகிதம், அதன் பிறகு பணம்.

1. எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

தேர்வுக் கட்டணம், கல்லூரிக் கட்டணம், விடுதியும் மெஸ்ஸும், பஸ் கட்டணம் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கடைசித் தேதியைக் குறியுங்கள்.

இதில் தேர்வுக் கட்டணம் மிகச் சிறிய தொகை. ஆனால் அதுதான் முதலில் கட்ட வேண்டியது. கல்லூரிக் கட்டணம் பாக்கி இருந்தால் பேசித் தவணை வாங்கலாம். தேர்வுக்குப் பதிவு செய்யாமல் விட்டால் ஒரு பருவமே கைவிட்டுப் போகும். ஐம்பதாயிரம் இல்லையே என்ற கவலையில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாயைக் கட்ட மறந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சொந்தக்காரர்களிடம் ஒரே ஒரு முறைதான் கேட்க முடியும் என்றால், அந்தக் கேட்பு தேர்வுக் கட்டணத்துக்காக இருக்கட்டும்.

2. முதல் வாரத்துக்குள் கல்லூரிக்கு எழுத்தில் சொல்லுங்கள்

நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். வகுப்புக்கு வருவதும் குறைந்துவிடுகிறது. நாங்கள் விசாரிக்கும்போது வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கும், கட்டணத்தோடு அபராதமும் ஏறியிருக்கும். பண நெருக்கடியோடு வருகைக் குறைவும் சேர்ந்துகொண்டால், எங்களால் செய்யக்கூடியதும் சுருங்கிவிடும்.

முதலில் வகுப்பு ஆலோசகரிடம் நேரில் சொல்லுங்கள். அவர் வழியாகத் துறைத் தலைவர், பிறகு முதல்வர். நேராக முதல்வர் அறைக்குப் போவதில் தவறில்லை. ஆனால் மனு சுற்றி வரும்போது வகுப்பு ஆலோசகரின் குறிப்பைத்தான் கேட்பார்கள், அவர் முன்பே அறிந்திருந்தால் அன்றே எழுதிக் கொடுத்துவிடுவார்.

மனுவில் கதை வேண்டாம். கீழே உள்ளதுபோல் ஒரு பக்கம் போதும்:

“ஐயா, நான் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் படிக்கிறேன். குடும்பத்தில் சம்பாதித்த ஒரே நபரான என் தந்தை இந்த மாதம் 4ஆம் தேதி காலமானார். இந்தப் பருவத்துக்கு ரூ.42,000 கட்ட வேண்டியுள்ளது. ரூ.5,000 இப்போது கட்டுகிறேன். மீதியை நான்கு தவணைகளில் கட்ட அனுமதிக்குமாறும், அபராதத்தைத் தள்ளுபடி செய்யுமாறும், ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். காரியங்களுக்காக விடுப்பு எடுத்த நாட்களை வருகைக் கணக்கில் கருணையோடு பார்க்க வேண்டுகிறேன்.”

தொகை, தேதி, என்ன வேண்டும் ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன. “ஏதாவது உதவி செய்யுங்கள்” என்று மட்டும் எழுதினால், படிப்பவர் மனம் இளகுவார், ஆனால் எதில் கையெழுத்துப் போடுவது என்று அவருக்குத் தெரியாது. இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து அபராதம் கேட்டால் காட்ட அந்தப் பிரதிதான் இருக்கும்.

அங்கேயே இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். முன்னாள் மாணவர் சங்கத்தில் உதவி நிதி இருக்கிறதா? நிர்வாக அறக்கட்டளையில் கட்டணச் சலுகை உண்டா? இவை இருந்தும் பல கல்லூரிகளில் பலகையில் போடுவதில்லை, கேட்கிற பிள்ளைக்குத்தான் போகிறது. விடுதி மாணவர் என்றால் காப்பாளரிடமும் மனுவின் ஒரு பிரதி கொடுங்கள். மெஸ் கணக்கு பெரும்பாலும் தனி ஆபீஸில் இருக்கும்.

மனு கொடுத்தும் பதிலே இல்லையென்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அந்தக் குழு தன் பரிந்துரையைத் தர வேண்டும். மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அடுத்த படி எது என்று தெரிந்திருந்தால் பேச்சில் தெளிவு வரும்.

3. காகிதங்களை இந்த வரிசையில் வாங்குங்கள்

ஒன்று இருந்தால்தான் அடுத்தது கிடைக்கும் என்பதால் வரிசை மாறக் கூடாது.

முதலில் இறப்புச் சான்றிதழ். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட்டால் தாமதக் கட்டணமோ கூடுதல் அலைச்சலோ இல்லை. மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். வீட்டில் இறந்திருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்: கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில். பதிவு செய்யும் அன்றே அப்பாவின் பெயரையும் இனிஷியலையும் ஆதார் அட்டையோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். ஆனால் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இன்னொரு பெயர் என்று வந்துவிட்டால் காப்பீடு, வங்கி, பி.எஃப். எல்லாமே அந்த இடத்தில் நின்றுவிடும்.

அடுத்து வாரிசுச் சான்றிதழ். இதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தாசில்தார் தருவார். வங்கியிலும் அப்பா வேலை பார்த்த இடத்திலும் கேட்பார்கள்.

மூன்றாவது, புதிய வருமானச் சான்றிதழ். சேர்க்கையின்போது வாங்கிய பழைய சான்றிதழையே திரும்பத் திரும்பப் பதிவேற்றுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. அது அப்பாவின் சம்பளத்தைச் சொல்லும். ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் என்று பழைய தாள் சொன்னால், 2.5 லட்சம் வரம்புள்ள எந்தத் திட்டத்திலும் நுழைய முடியாது. இப்போது வீட்டில் வருமானமே இல்லை என்பது அந்தக் கணினிக்குத் தெரியாது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். விண்ணப்பத்தோடு இறப்புச் சான்றிதழையும் சேர்த்துப் பதிவேற்றுங்கள். அப்பா இறக்கவில்லை, படுத்திருக்கிறார் என்றால் மருத்துவமனை டிஸ்சார்ஜ் அறிக்கையைச் சேருங்கள். வேலை போயிருந்தால் பணிநீக்கக் கடிதம்.

விண்ணப்பித்ததும் ஒப்புகைச் சீட்டோடு வி.ஏ.ஓ.வை நேரில் போய்ப் பாருங்கள். அவர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று பேரின் கணினி வழியாகக் கோப்பு நகர வேண்டும். நேரில் போய்ச் சொல்லாவிட்டால் “வருமானம் முரண்படுகிறது” என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்புண்டு. முந்தைய சான்றிதழ் அவர்கள் பதிவிலேயே இருக்கிறதல்லவா?

நீங்கள் இங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழை ஒன்றுக்கு நான்காகக் கேட்டு வாங்கி வையுங்கள். மீதி ஆண்டுகளுக்கான கட்டண விவரத் தாளையும் சேர்த்துக் கேளுங்கள்.

4. வங்கிக் கணக்கைச் சரிபார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்

அரசு உதவித்தொகை ஆதார் எண்ணை வைத்துத்தான் கணக்குக்கு வருகிறது. “என் கணக்கில் ஆதார் இணைத்தாயிற்று சார்” என்று எல்லோரும் சொல்வார்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று பதிவாகியிருப்பது வேறு. இரண்டாவதைத்தான் ஆதார் சீடிங் என்கிறார்கள்.

ஆதார் இணையதளத்தில் நுழைந்து வங்கி சீடிங் நிலையைப் பாருங்கள். எந்த வங்கியின் பெயர் வருகிறதோ பணம் அங்கேதான் போகும். பள்ளியில் படிக்கும்போது திறந்த, இப்போது முடங்கிக் கிடக்கும் கணக்கின் வங்கியைக் காட்டினால், இப்போதைய வங்கிக்குப் போய் மாற்றக் கேளுங்கள். உதவித்தொகை அனுமதியாகியும் பணம் வராமல் ஒரு வருடம் காத்திருந்த பிள்ளைகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்தது.

5. வீட்டுக்கு ஏற்கெனவே சேர வேண்டிய பணத்தைத் தேடுங்கள்

ஸ்காலர்ஷிப் தேடுவதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்கிறேன். ஸ்காலர்ஷிப் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இது உங்கள் குடும்பத்தின் உரிமைப் பணம், கேட்டால் தந்தாக வேண்டும். தொகையும் பெரியது.

அப்பாவின் எல்லா பாஸ்புக்குகளையும் எடுத்து, மே, ஜூன் மாதப் பதிவுகளைப் பாருங்கள். 436 ரூபாய் கழிந்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் 2 லட்சம் ரூபாய். புதிதாகச் சேர்ந்தவர் என்றால் மட்டும் முதல் 30 நாட்களுக்குள் நேரும் இறப்புக்கு, விபத்தாக இல்லாவிட்டால், தர மாட்டார்கள். 20 ரூபாய் கழிந்திருந்தால் அது சுரக்ஷா விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்திருந்தாலோ முழுமையாக ஊனமடைந்திருந்தாலோ அதிலும் 2 லட்சம். இந்தப் பணம் தானாக வராது, அந்த வங்கிக் கிளையில் படிவம் கொடுத்துக் கேட்க வேண்டும். முப்பது நாட்களுக்குள் கொடுத்துவிடுவது நல்லது.

கொத்தனார் வேலை பார்த்த அப்பாவை இழந்த ஒரு மாணவி, கட்டணச் சலுகை கேட்டு என்னிடம் வந்தாள். பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொன்னேன். 436 ரூபாய் கழிந்த பதிவு அதில் இருந்தது. கணக்குத் திறந்தபோது வங்கியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அவள் அம்மாவுக்கு அது என்னவென்றே தெரியாது. அதிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது பாஸ்புக்கைத்தான்.

அப்பாவுக்கு பி.எஃப். பிடித்திருந்தால், சேமிப்போடு நின்றுவிடாதீர்கள். அதோடு சேர்ந்த காப்பீடு இருக்கிறது, உச்சவரம்பு 7 லட்சம் ரூபாய். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனி ஓய்வூதியமும் உண்டு. கல்லூரியில் படிக்கும் உங்களுக்கு அது நேரடியாகப் பொருந்தும். சேமிப்பு, காப்பீடு, ஓய்வூதியம் என மூன்றையும் கேட்டு விண்ணப்பியுங்கள். சேமிப்பை மட்டும் கேட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் அதிகம்.

அப்பாவோ அம்மாவோ கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலோ பிற அமைப்புசாராத் தொழிலாளர் வாரியத்திலோ உறுப்பினரா என்று பாருங்கள். இறப்புக்கும் விபத்துக்கும் உதவி உண்டு, பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு ஆண்டுதோறும் தனி உதவித்தொகையும் உண்டு. உறுப்பினர் அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். விவசாயக் குடும்பம் என்றால் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டையைத் தேடுங்கள், அதிலும் கல்வி உதவி இருக்கிறது.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் 18 முதல் 59 வயதுக்குள் சம்பாதித்தவர் இறந்திருந்தால், தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் ஒரே தவணையாக 20,000 ரூபாய் உண்டு. தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாரைப் பாருங்கள்.

அப்பா உயிரோடு மருத்துவமனையில் இருக்கிறார், கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அங்கே கரைகிறது என்றால் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. சிகிச்சைச் செலவு நின்றால் கட்டணப் பணம் தப்பும்.

6. உதவித்தொகைகள்: எது உங்களுக்குப் பொருந்தும்

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் மாணவர்களுக்கான திட்டங்களிலும் தொழிற்படிப்புகளுக்கு அதே வரம்பு. முதலாம் ஆண்டில் வருமானம் அதிகம் என்று விண்ணப்பிக்காமல் விட்டவர்கள், இப்போது புதிய வருமானச் சான்றிதழோடு கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவரா? மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். ஆயிரம் ரூபாய் எதற்கு ஆகும் என்று நினைக்க வேண்டாம், பஸ் செலவும் சாப்பாடும் அதில் ஓடும்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) ஸ்வநாத் திட்டம் ஆண்டுக்கு 50,000 ரூபாய். இதில்தான் குழப்பம் அதிகம். தாய், தந்தை இருவரையும் இழந்தவர்கள், கொரோனாவில் பெற்றோரில் ஒருவரையாவது இழந்தவர்கள், பணியில் வீரமரணம் அடைந்த ராணுவத்தினர், மத்தியத் துணை ராணுவத்தினரின் பிள்ளைகள் ஆகியோருக்குத்தான் இது. அப்பா மாரடைப்பில் இறந்து, அம்மா இருந்தால் பொருந்தாது. வேறு அரசு உதவித்தொகை வாங்குபவரும் விண்ணப்பிக்க முடியாது. பொருந்துகிறவர்கள் எந்த ஆண்டில் படித்தாலும் விண்ணப்பிக்கலாம், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பித்த பிறகு கல்லூரியின் பொறுப்பாளர் சரிபார்த்து அனுப்பினால்தான் அது நகரும். சமர்ப்பித்துவிட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடாமல், அச்செடுத்து அவர் மேசைக்குக் கொண்டுபோங்கள்.

தனியாரில், திடீர் நெருக்கடிக்கென்றே வடிவமைத்தது ஹெச்.டி.எஃப்.சி. வங்கியின் பரிவர்த்தன் கல்வி நெருக்கடி உதவித்தொகை. முந்தைய தேர்வில் 55 சதவீத மதிப்பெண், 2.5 லட்சத்துக்குள் வருமானம் கேட்கிறார்கள். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் குடும்பத்தில் நெருக்கடி வந்து படிப்பு நிற்கும் நிலையில் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. அந்த நெருக்கடிக்கான சான்றைப் பதிவேற்றச் சொல்வார்கள். மூன்றாம் படியில் வாங்கிய காகிதம் இங்கே உதவும்.

எந்த உதவித்தொகையும் முன்பணம் கேட்காது. “பதிவுக் கட்டணம்”, “பரிசீலனைக் கட்டணம்” என்று யார் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

7. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகம்

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. ஆட்சியரிடம் விருப்புரிமை நிதி உண்டு. படிப்பு பாதியில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு அதிலிருந்து கட்டணம் கட்டியிருக்கிறார்கள். நிதி இல்லையென்றாலும் பொருத்தமான துறைக்கோ அறக்கட்டளைக்கோ கைகாட்டிவிடுவார்கள்.

அம்மாவையும் அழைத்துப் போங்கள். மனு, போனஃபைடு, கட்டண விவரம், இறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தைத்துக் கொடுங்கள். எந்தக் கல்லூரிக்கு, எவ்வளவு, எப்போதைக்குள் என்பது முதல் ஐந்து வரிக்குள் வந்துவிட வேண்டும். அன்று நூற்றுக்கணக்கான மனுக்கள் வரும், உங்கள் முறை ஒரு நிமிடம்தான். மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் வராதீர்கள்.

8. கல்விக் கடன், நடுவிலும் வாங்கலாம்

முதலாம் ஆண்டில் வாங்கவில்லையே என்று விட்டுவிட வேண்டாம். மீதி ஆண்டுகளுக்கு மட்டும் கடன் கேட்கலாம். 4 லட்சம் வரை சொத்து ஈடோ கைப்பணமோ கேட்பதில்லை. அப்பா இல்லாவிட்டால் அம்மா இணை விண்ணப்பதாரர். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை.

இதை எட்டாவதாக வைத்ததற்குக் காரணம், அனுமதியாகப் பல வாரங்கள் ஆகும், கல்லூரிக் கணக்குக்குத்தான் பணம் போகும். இந்தப் பருவத்துக்கு உதவாமல் போகலாம், அடுத்த பருவத்துக்கு உதவும். வீட்டு முகவரிக்கு அருகிலுள்ள கிளையில் கேளுங்கள். பிரதமரின் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்தால் எண்ணோடு பதிவு இருக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கவும் முடியும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு என்றால் தவணை தொடங்கும்வரை உள்ள வட்டியை மத்திய அரசு ஏற்கும். அதற்கும் வருமானச் சான்றிதழ்தான்.

உடனடிக் கடன் ஆப் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஐந்து நிமிடத்தில் பணம் வரும். அதற்காகச் செல்போனில் உள்ள தொடர்புகள், படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கிக்கொள்வார்கள். ஒரு வாரம் தாமதமானால் உங்கள் வகுப்பு முழுவதற்கும் மெசேஜ் போகும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் பயந்து இன்னொரு ஆப்பில் வாங்கி அடைக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். வீட்டில் சொல்ல முடியவில்லையென்றால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

9. எதுவும் கைகூடாவிட்டால், டி.சி. வாங்காதீர்கள்

சில வீடுகளில் பிள்ளை உடனே வேலைக்குப் போயே ஆக வேண்டியிருக்கும். அப்படியானாலும் டி.சி. வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டாம். டி.சி. வாங்கினால் சேர்க்கை முடிந்துவிடும், கலந்தாய்வில் கிடைத்த இடமும் அந்தச் சேர்க்கையோடு ஒட்டிய சலுகைகளும் போய்விடும். படிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் அனுமதி இருக்கிறது. பிரேக் ஆஃப் ஸ்டடி என்பார்கள். துறைத் தலைவர், முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டு ஓராண்டு கழித்து வந்தால் அதே அனுமதியை வாங்குவது பல மடங்கு கடினம்.

கட்டணப் பாக்கிக்காக அசல் சான்றிதழ்களை யாராவது பிடித்து வைத்தால், அதற்கு அவர்களுக்கு அதிகாரம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே இதைத் தெளிவாக அறிவித்திருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், இரண்டாம் படியில் சொன்ன குறைதீர்க் குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

நிறுத்தி வைக்கும்போது மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: எந்தப் பருவத்தில் திரும்பச் சேரலாம், மறுசேர்க்கை விண்ணப்பத்தை எந்த மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், படிப்பை முடிக்க மொத்தம் எத்தனை ஆண்டு அனுமதி. அந்த மாதத்தைச் செல்போனில் அலாரமாக வைத்துவிடுங்கள். ஒரு தோழியிடமோ நண்பனிடமோ சொல்லி வையுங்கள். வேலைக்குப் போன இடத்தில் நாட்கள் ஓடுவது தெரியாது.